யானை ஒட்டகமான நான்காம் பாகம்

1. முதல் நாள்

பெரம்பலூர்ப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த ஓர் அச்சகத்தில் நான் மெய்ப்புத் திருத்துநராகச் சேர்ந்த முதல் நாள், எனக்கு மெய்ப்பு எதுவும் தரப்படவில்லை. ஆறு கதைப் புத்தகங்களும் ஒரு சிவப்புப் பென்சிலும் தரப்பட்டன.

"படிம்மா. ஓட்டை எங்கெங்க இருக்குன்னு எழுதிக் குடு" என்றார் முதலாளி தங்கராசு.

"எதிலங்க சார் ஓட்டை?"

"கதையிலதான். கூரையில இருக்கறது எனக்கே தெரியும்."

அச்சகப் பணிக்குப் போகும் எண்ணமுள்ள நம் தமிழ்த்துறைத் தங்கைகளுக்காக இக்குறிப்பை எழுதுகிறேன். ஆகவே தொடக்கத்திலேயே நிலைமையைச் சொல்லிவிடுவது முறை. அந்த ஆறு புத்தகங்களும் ‘பனிநாக மலை’ என்ற மாயாஜாலத் தொடரின் ஆறு பாகங்கள். துறையூர் முதல் ஜெயங்கொண்டம் வரை எந்தப் பேருந்து நிலையத்திலும் முறுக்குக்கு அடுத்தபடியாக விற்ற சரக்கு அதுதான் என்று முதலாளி சொல்வார். எழுதியவர் மாயக்கலி. புனைபெயரைக் கழற்றினால் கலியமூர்த்தி. பெரம்பலூர்–அரியலூர் வழித்தடத்தில் ஓடிய ஒரு தனியார் பேருந்தின் நடத்துநர்.

திருச்சியிலிருந்து ஒரு புத்தக விற்பனை ஏஜென்ட் வந்து, ஏழாம் பாகத்தோடு தொடர் முடிந்ததும் அனைத்தையும் ஒரே பைண்டு புத்தகமாகப் போட்டால் தாமே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். நிபந்தனை ஒன்று: கதையில் இருக்கும் ஓட்டைகளை அடைக்க வேண்டும். "படிக்கறவன் மந்திரவாதியப் பாத்துப் பயப்படணும். உங்க புஸ்தகத்தப் படிச்சிட்டுச் சிரிக்கிறான்" என்றாராம். அதற்காகத்தான் என்னை வைத்தார்கள்.

"தொடர் நின்னுச்சுன்னா நீயும் நின்னுக்க வேண்டியதுதாம்மா. வேற வேல இங்க கெடையாது" என்றார் முதலாளி.

நான் குரும்பலூரிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் முதலாண்டு. வீட்டில் அப்பா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "வேல இருக்கற வரைக்கும் படி. வேல போச்சுன்னா புஸ்தகத்த மூடிட்டு நாங்க பாக்கற எடத்துக்குத் தலைய ஆட்டணும்." ஆக, பனிநாக மலையில் மாட்டிக்கொண்டிருந்தது கதையின் இளவரசி மட்டுமல்ல.

நான் அதிகம் பேசும் வழக்கம் இல்லாதவள். ‘சரிங்க சார்’ என்ற இரண்டு சொற்களைக் கொண்டே அந்த முதல் வாரம் முழுவதையும் கழித்தேன்.

2. அறுபத்திரண்டு குறைகள்

ஆறு நாள்களில் ஆறு பாகங்களையும் படித்து, எண்ணிட்டு, பக்க எண்ணோடு ஒரு பட்டியல் எழுதினேன். மொத்தம் அறுபத்திரண்டு குறைகள். சிலவற்றைத் தருகிறேன்.

குறை 4: மூன்றாம் பாகத்தின் இறுதியில் இளவரசன் வீரமாறன் யானை மீதேறிக் கோட்டைக்குள் நுழைகிறான். நான்காம் பாகத்தின் தொடக்கத்தில் அதே கோட்டையிலிருந்து ஒட்டகத்தின் மீதேறி வெளியே வருகிறான். யானை என்னவாயிற்று என்பதற்கு விளக்கம் இல்லை. ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் இல்லை.

குறை 11: போகும்போது ஏழு மலைகளைத் தாண்டிப் போனவன், திரும்பும்போது ஏழு ஏரிகளைத் தாண்டி வருகிறான். வழி ஒன்றுதான்.

குறை 19: இரண்டாம் பாகத்தில் மந்திரவாதியின் சாபத்தால் வீரமாறனின் இடக்கை கல்லாகிறது. ஐந்தாம் பாகத்தில் அவன் ஆற்றை நீந்திக் கடக்கிறான். கல்லான கையைப் பற்றிப் பேச்சே இல்லை.

குறை 27: மந்திரவாதியின் உயிர் பாழுங்கிணற்றில் வாழும் ஒரு தவளைக்குள் இருப்பதாக மூன்றாம் பாகம் கூறுகிறது. ஆறாம் பாகத்தில் அது எலியாக இருக்கிறது. கிணற்று நீரின் அடியில் எலி எவ்வாறு மூச்சு விடுகிறது?

இவற்றையெல்லாம்விட என்னை வருத்தியது பாத்திரப் படைப்பு. இளவரசி பொன்முல்லை முதல் மூன்று பாகங்களில் துடுக்காகப் பேசுகிறாள். காவலாளியைக் கேலி செய்கிறாள். ஒரு முறை மந்திரவாதியின் தாடி ஒட்டுத்தாடியா என்று இழுத்தும் பார்க்கிறாள். நான்காம் பாகத்திலிருந்து அவளுக்கு வாயடைத்துப் போகிறது. ஆறாம் பாகத்தில் பதினோரு முறை அழுகிறாள், ஒரு முறை மயங்கி விழுகிறாள். வேறொன்றும் செய்வதில்லை. பொன்முல்லை என்ற பெயரும் போய் வெறும் ‘இளவரசி’ ஆகிவிடுகிறாள்.

குறைகள் யாவும் நான்காம் பாகத்திலிருந்தே தொடங்குவதை நான் கவனித்தேன். அதைப் பட்டியலின் அடியில் குறித்தும் வைத்தேன். ஆனால் ஏன் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவில்லை. ‘புகழ் வந்தபின் ஆசிரியர்க்கு அக்கறை குறைந்துவிட்டது’ என்று ஒரு தீர்ப்பை எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டேன். அந்த வயதில் இரட்டைக் கோடு போடுவதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது.

ஆசிரியரின் கையெழுத்துப் படிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்டேன். அச்சானவுடன் எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

3. பன்னிரண்டு நிமிடம்

அரியலூரிலிருந்து வரும் அந்தப் பேருந்து பெரம்பலூரில் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் எழுத்தாளர் அச்சகத்துக்கு வந்து போவார். மெலிந்த, உயரமான மனிதர்; கழுத்து சற்று நீளம். எந்த வெயிலிலும் காக்கிச் சட்டைக் காலரைச் சுற்றி ஒரு கைக்குட்டையைக் கட்டியிருப்பார்.

"வாங்க கலி. இந்தப் பொண்ணு உங்க கதைய ஆராய்ச்சி பண்ணியிருக்கு. எம்.ஏ. தமிழ்" என்றார் முதலாளி.

"அப்படிங்களா! வணக்கங்க டீச்சரம்மா. யானை புடிச்சிருந்துச்சுங்களா?"

"எந்த யானைங்க சார்? மூணாம் பாகத்து யானையா, நாலாம் பாகத்துல ஒட்டகமாயிடுதே, அதுவா?"

"ஒட்டகமா? நான் ஒட்டகம் எழுதவே இல்லீங்களே."

நான் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் தம் கதையை அச்சில் படிப்பதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "நான் எழுதினத நானே எதுக்குங்க படிக்கணும்? எனக்குத்தான் முடிவு தெரியுமே" என்றார். பிறகு அந்த வரியைக் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"அப்போ... ஒரு வருசமா பஸ்ஸுல ஏறுறவன் எறங்குறவனெல்லாம் ‘ஒட்டகம் வருது, ஒட்டகம் வருது’ன்னானுங்களே. அது இதுக்குத்தானா? நான் எங் கழுத்தச் சொல்றானுங்கன்னுல்ல நெனச்சேன்!"

அவர் கை தானாகவே கைக்குட்டையைத் தொட்டது. முதலாளி சிரிப்பை அடக்க முடியாமல் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து முகத்தருகே வைத்துக்கொண்டார்.

"ஓடுற பஸ்ஸுல உக்காந்து எழுதுறீங்க கலி. குலுக்கல்ல யானை ஒட்டகமாயிருக்கும். விடுங்க. நீ மேல படிம்மா."

நான் படித்தேன். நிறுத்தியிருக்க வேண்டும், ஆனால் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டுமென்ற எண்ணமே என்னிடம் மேலோங்கியிருந்தது. மலைகள், ஏரிகள், எலி எல்லாவற்றையும் அவர் குழப்பத்தோடு கேட்டுக்கொண்டார். இறுதியில் பொன்முல்லைக்கு வந்தேன். என் தீர்ப்பின் வாசகம் இது: ‘ஆசிரியர்க்குப் பெண்களைத் தெரியாது. அழுவது தவிர அவர்களுக்கு வேறு தொழில் உண்டென்று அவர் அறியார்.’

கம்பாசிட்டர் மைதீன் பாய் எழுத்துப் பெட்டியான கேஸின் முன் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார். எழுத்துகள் அவர் கையிலிருந்த வரிச்சட்டமான ஸ்டிக்கில் விழும் ‘டிக், டிக்’ ஓசை அந்த இடத்தில் நின்றது. அதையும் நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

"எனக்கா பொம்பளைங்களத் தெரியாது?" என்றார் கலியமூர்த்தி, மெதுவாக. "தெனம் எட்டு ட்ரிப்பு அடிக்கிறேங்க. முன் சீட்டுல உக்காந்து வர்ற பொம்பளைங்க வாயில வாழுறவன் நான். சரி. தெரியாதவன் எழுத வேண்டாம். ஏழாம் பாகம் பாதி குடுத்திருக்கேன். மீதிய நீங்களே பாத்துக்குங்க."

வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பன்னிரண்டு நிமிடம் முடிந்திருந்தது.

"ஓட்டைய அடைக்கச் சொன்னேன். நீ ஆளையே அனுப்பிட்ட" என்றார் முதலாளி. "வர்ற வெள்ளிக்கிழமை ஏஜென்ட் வர்றாரு. அன்னைக்கு அவர் கையில குடுக்க எனக்குக் கதையோட முடிவு வேணும். இல்லேன்னா தொடரும் இல்ல, நீயும் இல்ல."

"சரிங்க சார்" என்றேன்.

4. காலியான குழி

மறுநாள் மைதீன் பாய் ஏழாம் பாகத்தின் முதல் புரூஃபை எடுத்துத் தந்தார். முதன்முறையாக என் ஒரு கையில் புரூஃபும் மறுகையில் ஆசிரியரின் கையெழுத்தும் இருந்தன. கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்புறத்தில் எழுதி, மூலையில் ஊசி குத்தியிருந்தார்; ஒரு நாளுக்கு ஒன்பது வரி.

கையெழுத்தில் இருந்தது: ‘யானை துதிக்கையை உயர்த்திப் பிளிறியது.’

புரூஃபில் இருந்தது: ‘ஒட்டகம் வாய் திறந்து கத்தியது.’

அடுத்த தாளில் சிறையைத் திறந்துவிடும் வீரமாறனிடம் பொன்முல்லை சொல்கிறாள்: ‘இல்லை. நான் வரவில்லை. வழி தெரியாமல் மூன்று மலையைச் சுற்றிவிட்டு என்னைக் காப்பாற்ற வந்தாயா? முதலில் உன் தலையைச் சீவிக்கொள்!’

புரூஃபில் அந்த இடத்தில் இரண்டு சொற்கள் இருந்தன: ‘இளவரசி அழுதாள்.’

நான் இரண்டையும் எடுத்துக்கொண்டு கேஸின் அருகே போனேன். "பாய், இது என்னங்க?"

அவர் மறுக்கவில்லை. ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, கேஸில் ஒரு குழியைக் காட்டினார். மற்றக் குழிகளிலெல்லாம் ஈய எழுத்துகள் நிரம்பிக் கிடந்தன. அந்தக் குழியில் அடிப்பலகை தெரிந்தது.

"சங்கிலிக் கொம்பு" என்றார்.

‘கை’ என்ற எழுத்தில் ககரத்துக்கு முன்னால் நிற்கிறதே, அந்த ஐகாரக் குறிக்கு அச்சுக்கூடத்தில் அதுதான் பெயர். பழைய முறையில் லை, ளை, னை, ணை ஆகிய நான்கும் துதிக்கை வைத்த தனி எழுத்துகளாக வார்க்கப்பட்டிருந்தன; சங்கிலிக் கொம்பு அவற்றுக்குத் தேவைப்படாது. எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் அந்த நான்கையும் சங்கிலிக் கொம்பு போட்டுத்தான் கோக்க வேண்டும். முதலாளி முறைப்படி பழைய எழுத்துகளையெல்லாம் உருக்கக் கொடுத்துவிட்டார். புதிதாகக் கொம்பு வாங்க மட்டும் மறந்துவிட்டார். அது நடந்தது மூன்றாம் பாகம் முடிந்து நான்காம் பாகம் தொடங்கும்போது.

"மூணு வாட்டி கேட்டேன் தங்கச்சி. ‘இருக்கறத வச்சு ஓட்டுங்க பாய்’ன்னாரு. ஓட்டினேன். யானை ஓடல, ஒட்டகத்துல ஏத்தி ஓட்டினேன்."

"ஏன் ஒட்டகம்?"

"யானை அளவுக்குப் பெருசா, கொம்பு இல்லாத மிருகம் வேற எது இருக்கு, சொல்லு?"

பட்டியலை மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். மலையில் கொம்பு உண்டு, ஏரியில் இல்லை. தவளையில் உண்டு, எலியில் இல்லை. கை வரும் வரிகளை அவர் மொத்தமாகக் கழற்றிவிட்டிருந்தார். அறுபத்திரண்டு குறைகளும் என் கண்முன்னே ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

"சரிங்க பாய். பொன்முல்லைய ஏன் அழ வச்சீங்க?"

"பேரச் சொன்னாலே ஒண்ணு போச்சா? அப்புறம் அந்தப் புள்ள வாயத் தொறந்தா ‘இல்லை’, ‘என்னை’, ‘உன்னை’, ‘வேலை’தான். இந்த வசனத்த எண்ணிப் பாரு."

எண்ணினேன். சரியாக ஏழு.

"பேசினா ஏழு கொம்பு செலவு. அழுதா ஒண்ணுகூட இல்ல. வல்லாஹி, எனக்குக் கெட்ட எண்ணம் கெடையாது. எங்கூட்டுத் தங்கச்சி நிக்காஹ் பத்திரிகையில எம் பேரயே போடல. ‘மை’யில ஒண்ணு போயிருமேன்னு வெறும் பாய்னு போட்டுக்கிட்டேன்."

மறுத்துப் பேசும் பெண்ணைக் கோப்பதற்கு எழுத்து அதிகம் தேவைப்படுகிறது. அழும் பெண்ணுக்குத் தேவைப்படுவதில்லை. இலக்கியத் திறனாய்வு நூல் எதிலும் நான் இதைப் படித்ததில்லை. படித்திருந்தாலும் கேஸில் அந்தக் குழியைப் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

5. அரியலூர்ப் பேருந்து

மறுநாள் காலை, கையெழுத்துத் தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு கலியமூர்த்தியின் பேருந்தில் ஏறினேன். மன்னிப்புக் கேட்பதற்கு உரிய தனிமையான இடம் ஒரு பேருந்தில் கிடைக்காது என்பதை ஏறியபின்தான் உணர்ந்தேன்.

"எங்கங்க?" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"அரியலூர். சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"டிக்கெட்டத் தவிர இங்க வேற எதுவும் பேசறதில்லீங்க." நகர்ந்துவிட்டார்.

என் அருகில் தா.பழூர்க்கார அம்மா ஒருவர் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை கலியமூர்த்தி எங்கள் பக்கம் வந்தபோது நான் எழுந்து நின்று, "நீங்க ஒட்டகம் எழுதலங்க சார். அது அச்சகத்துல நடந்தது. பொன்முல்லையும் அழல. நான் சொன்னது தப்பு" என்று ஒரே மூச்சில் சொன்னேன். முன்வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"யாரு அழல?" என்றார் கூடைக்கார அம்மா.

"இளவரசி. கதையில வர்ற பொன்முல்லை."

"அதுவா! எம் மவ படிச்சுக் காட்டுவா. எப்பப் பாத்தாலும் ஒப்பாரி வைக்கிற ஒரு புள்ள வருமே. அந்தக் கருமாந்தரத்தை எழுதினது இவருதானா? ஏ கண்டக்டரு, பொட்டச்சின்னா அழுதுகிட்டேதான் கெடப்பாளா?"

கலியமூர்த்தி டிக்கெட் கட்டைப் புரட்டினார். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பையிலிருந்து தாளை எடுத்து, ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பொன்முல்லையின் வசனத்தை உரக்கப் படித்தேன். வகுப்பில் ஆசிரியர் கேட்டால்கூட எழுந்து படிக்கத் தயங்குகிறவள் நான். ‘முதலில் உன் தலையைச் சீவிக்கொள்’ என்ற இடத்தில் முன்வரிசைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூடைக்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இரு இரு. இது நான் சொன்னதுல்ல?"

கலியமூர்த்தி டிக்கெட் கட்டிலிருந்து நிமிர்ந்தார். "ஆமாங்க. போன ஆடியில வண்டி பிரேக்டவுனாகி ஒரு மணி நேரம் நின்னுச்சே. மாத்து வண்டியில நான் வந்து ஏத்தினப்போ, ‘இப்பத்தான் காப்பாத்த வந்தியா? மொதல்ல போயித் தலயச் சீவு’ன்னீங்க."

"அத எழுதியா வச்சிருக்க? அடப் பாவி மனுசா! அப்ப இளவரசி நானா?"

"பாதி நீங்க. மீதி திருமானூர்லேருந்து வர்ற ஒரு யக்கா."

அந்த அம்மா கூடையைச் சரியாக வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அரியலூர் வரும் வரையில் அந்த நிமிர்வு குறையவில்லை.

அரியலூர் நிலையத்தில் இறங்கியபின் நான் கலியமூர்த்தியிடம் சங்கிலிக் கொம்பின் கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு வழியையும் வைத்தேன். "‘இல்லை’க்குத்தான் கொம்பு வேணும். ‘மாட்டேன்’, ‘முடியாது’ இதுக்கெல்லாம் வேண்டாங்க சார். பொன்முல்லை அப்படிப் பேசலாமே."

அவர் கைக்குட்டையை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முடிவுல மந்திரவாதி வந்து, ‘பொன்முல்லை, நீ என் அடிமை’ங்கறான். அவ பதில் சொன்னதும் மலையே வெடிச்சு மந்திரம் ஒடையுது. அங்க அவ ‘மாட்டேன்’ன்னா என்ன அர்த்தம்? அடிமைதான், ஆனா சொன்ன வேலையச் செய்ய மாட்டேன்னு அர்த்தம். ‘முடியாது’ன்னா ஒடம்புக்கு முடியலன்னு ஆயிடும். ‘இல்லை’ன்னாத்தான் நான் அடிமையே கெடையாதுன்னு ஆவும். எம்.ஏ. படிக்கிறீங்க. நீங்க சொல்லுங்க, மூணும் ஒண்ணா?"

மூன்றும் ஒன்றல்ல. வேர்ச்சொல்லும் எதிர்மறை இடைநிலையும் படித்தவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நான் தலை குனிந்துகொண்டேன்.

"அந்தக் கொம்ப வாங்கச் சொல்லுங்க. வியாழக்கெழம முடிவு கையில இருக்கும்" என்றார். கைக்குட்டையை அவர் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை.

6. இரண்டு சொற்கள்

முதலாளி அனைத்தையும் கேட்டுவிட்டு மேசையில் தாளம் போட்டார்.

"இதுக்குப் போய் எழுத்து வாங்குவாங்களா? ஒரே வரியில அடைச்சிடலாம். ‘மந்திரவாதி யானையை ஒட்டகமா மாத்திட்டான், மலையை ஏரியா மாத்திட்டான், எல்லாம் அவன் மாயம்’னு ஏழாம் பாகத்துல போட்டுரு. மந்திரவாதின்னா அதுக்குத்தானே? அந்தப் பொண்ணுக்கும் ‘மாட்டேன்’னே இருக்கட்டும். நீயே எழுதிடு."

வழக்கமாக என் வாயிலிருந்து வர வேண்டிய இரண்டு சொற்கள் எவை என்பது எல்லாருக்கும் தெரியும். முதலாளி அவற்றை எதிர்பார்த்து அடுத்த வேலைக்குத் திரும்பியும்விட்டார். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அவர் சொன்னபடி எழுதிக் கொடுத்தால் ஏஜென்ட் ஏமாந்தாலும் ஏமாறலாம், என் வேலையும் தப்பலாம். எனக்கு அப்பாவின் முகமும், மடியில் கூடையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அந்த அம்மாவும் மாறி மாறி நினைவுக்கு வந்தார்கள்.

"இல்லைங்க சார்" என்றேன்.

"என்னது?"

"இல்லை. அது ஓட்டைய அடைக்கிறது ஆகாதுங்க. ஆசிரியர் செய்யாத தப்ப அவர் தலையில வைக்கிறது. நான் எழுதித் தர மாட்டேன். வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

என்ன பேசினேன் என்பதைவிட, அவ்வளவு நீளமாகப் பேசியது எனக்கே வியப்பாக இருந்தது. முதலாளி என்னையும் கேஸையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது மைதீன் பாய் திரும்பாமலே சொன்னார்:

"மொதலாளி, தங்கச்சி ரெண்டு ‘இல்லை’ சொல்லிருச்சு. அப்புறம் ஓட்டைய, தப்ப, ஆள... எழுதினா எல்லாத்துலயும் கொம்பு. ‘தலையில’யிலயும் ஒண்ணு. இந்தப் பொண்ணு இப்படிப் பேச ஆரம்பிச்சா இருக்கற எழுத்து பத்தாது. வாங்கிருங்க."

முதலாளி முதலில் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றார். முடியவில்லை. கடைசியில் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, "எத்தனை கிலோ வேணும் பாய்?" என்றார்.

வியாழக்கிழமை அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் கலியமூர்த்தி முடிவைக் கொண்டுவந்து தந்தார். வெள்ளிக்கிழமை ஏஜென்ட் வந்தார். பட்டியலில் ‘காரணம்’ என்று ஒரு பத்தியைப் புதிதாகச் சேர்த்து, ஒவ்வொரு குறைக்கும் எதிரே ‘சங்கிலிக் கொம்பு’ என்று எழுதியிருந்தேன். அறுபத்திரண்டு முறை. அவர் எலிவரைக்கும் பொறுமையாகப் படித்தார். அதன்பின் சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் என் பட்டியலின் மேல் தெறித்தது. நான்கு, ஐந்து, ஆறாம் பாகங்களைத் திரும்பக் கோப்பதற்கு அவகாசம் தந்தார். கையெழுத்துப் படிகள் எடைக்குப் போயிருந்ததால், கலியமூர்த்தி அந்த மூன்று பாகங்களையும் பேருந்தில் உட்கார்ந்து நினைவிலிருந்தே மறுபடி எழுதினார். மறந்துபோன இடங்களைத் தா.பழூர்க்கார அம்மா கேட்காமலே நிரப்பிக் கொடுத்தார் என்று கேள்வி.

7. அறுபத்து மூன்று

பைண்டு புத்தகம் வந்தது. பொன்முல்லை பேசினாள். கடைசிக்கு முந்தைய பக்கத்தில் அவள் ‘இல்லை’ என்றாள், மலை வெடித்தது. என் வேலையும் நிற்கவில்லை, எம்.ஏ. படிப்பும் நிற்கவில்லை.

மெய்ப்புப் பணிக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கதையில் ஓர் ஓட்டையைக் கண்டால் ஆசிரியரின் மனத்தைத் துருவுவதற்கு முன், எழுந்து போய்க் கேஸில் எந்தக் குழி காலியாக இருக்கிறது என்று பாருங்கள். தீர்ப்புக்குக் கீழே இரட்டைக் கோடு போடாதீர்கள். ஒற்றைக் கோடே அதிகம்.

இத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியல் முழுமையாக இருக்க வேண்டும் என்பது என் வழக்கம்.

கடைசிப் பக்கங்களுக்கான ஃபாரம் கோக்கும் அன்று சங்கிலிக் கொம்பு மறுபடியும் சற்றுக் குறைந்தது. மைதீன் பாய் ஒட்டகத்தின் பக்கம் சாயத் தொடங்கினார். நான் தடுத்தேன். "யானைக்குத் தமிழ்ல வேற பேரே இல்லையா பாய்? வேழம்னு போடுங்க. ‘வே’க்கு இரட்டைக் கொம்புதான். நெறைய இருக்கு" என்று பெருமிதத்தோடு சொன்னேன். அன்று மாலை வீடு திரும்பும்போது, நான் படித்த படிப்பு முதன்முறையாக ஓர் அச்சகத்துக்குப் பயன்பட்டதை எண்ணி மகிழ்ந்துகொண்டே போனேன்.

பதினைந்து நாள் கழித்து அரும்பாவூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் வந்தது. முதலாளி அதை எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்தார்.

‘ஐயா, கதை பிரமாதம். ஒரே ஒரு சந்தேகம். புத்தகம் முழுவதும் யானை வருகிறது. கடைசிப் பக்கத்தில் யானையைக் காணோம். யானை எங்கே போயிற்று? திடீரென்று வேழம் என்று ஒருவர் வருகிறாரே, அவர் யார்? முன்பின் தெரியாத ஆளின் முதுகில் இளவரசி ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போவது முறையா?’

மைதீன் பாய் அன்று முழுவதும் கேஸின் பக்கம் திரும்பியே நின்றார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் பட்டியலை எடுத்து, அறுபத்து மூன்றாவது குறையாக அதையும் பக்க எண்ணோடு எழுதினேன். ‘காரணம்’ என்ற பத்தியில் என் பெயரைப் போட்டேன்: பூங்கோதை. அதிலும் ஒரு சங்கிலிக் கொம்பு இருக்கிறது.